வேர்டு ஃபைல்தான் வேணுமாம்... யார் வீட்டுக் காசில்?

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் பெருசா, லிப்ரே ஆபீஸ் பெருசா என்று ஒரு பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் கைதட்டல் கிடைக்கும். நடுவர் கடைசியில் "இரண்டும் நன்றே" என்று சொல்லிவிட்டு சால்வையோடு கிளம்பிவிடுவார். எனக்கு அந்தப் பட்டிமன்றம் வேண்டாம். என் சண்டை வேறு.

ஒரு கணினியில் எழுதியது இன்னொரு கணினியில் அப்படியே திறக்கவில்லை என்றால் குற்றவாளி யார்? நம் ஊரில் எப்போதும் ஒரே தீர்ப்புதான். இலவச மென்பொருள் வைத்திருப்பவன்! "உன்கிட்ட வேர்டு இல்லையா? போ, வேர்டுல போட்டு எடுத்துட்டு வா."

இந்தத் தீர்ப்பு தப்பு என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஒரு விதி உண்டு. வேர்டு ஃபைலாக வேண்டும், டைம்ஸ் நியூ ரோமன் 12, ஒன்றரை வரி இடைவெளி. பிடிஎஃப் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸும் லிப்ரே ஆபீஸும். அங்கே 62 பக்கம் வந்த ரிப்போர்ட், ஜெராக்ஸ் கடை கணினியில் 65 பக்கம் ஆனது. பொருளடக்கத்தில் இருக்கும் பக்க எண்ணுக்கும் உள்ளே இருக்கும் அத்தியாயத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரர் சொன்ன தீர்வு: "தம்பி, பென் டிரைவ் குடு, ஆபீஸ் ஏத்தி விடறேன், ஐம்பது ரூபா." அது எந்த ஆபீஸ் என்று உங்களுக்கே தெரியும். காலடிப்பேட்டையிலிருந்து காசிமேடு வரை என் நண்பர்கள் பாதிப் பேர் கணினியில் இருப்பது அந்த ஐம்பது ரூபாய் ஆபீஸ்தான். அதோடு இலவச இணைப்பாக நாலு வைரஸும் வரும்.

கவனியுங்கள். ஃபைல் கேட்பது கல்லூரி. அதற்காகத் திருடனாகச் சொல்லப்படுவது மாணவன். ஆண்டுச் சந்தா சில ஆயிரம் ரூபாய். அதைக் கட்டு, இல்லையென்றால் கள்ளப் பிரதி போடு. மூன்றாவது வழி இல்லையாம்.

"எம்.எஸ். ஆபீஸ்தான் ஸ்டாண்டர்டு" என்பவர்களுக்கு

எந்த எம்.எஸ். ஆபீஸ், ஐயா? அந்தப் பெயரில் ஒன்றா இருக்கிறது?

2007இல் டாக் போய் டாக்எக்ஸ் வந்தபோது, பழைய வேர்டு 2003 வைத்திருந்தவர்களால் புது ஃபைலைத் திறக்கவே முடியவில்லை. தனியாக ஒரு பொதியை இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. அவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்கள்தானே? விண்டோஸில் இருக்கும் ஆக்ஸஸ் மேக் கணினிக்குக் கிடையாது. விண்டோஸ் எக்செலில் ஓடும் விபிஏ மேக்ரோ, அதே எக்செலின் இணையப் பதிப்பில் ஓடாது, கைபேசிப் பதிப்பிலும் ஓடாது.

தேதிக் கதை இன்னும் வேடிக்கை. விண்டோஸ் எக்செல் நாட்களை 1900இலிருந்து எண்ணுகிறது. மேக் எக்செல் நெடுங்காலம் 1904இலிருந்து எண்ணியது. ஒன்றிலிருந்து தேதிகளை நகலெடுத்து மற்றதில் ஒட்டினால் 1,462 நாள் தள்ளிப்போகும். அதாவது நான்கு வருடம் ஒரு நாள். கடன்காரர் பட்டியலில் அப்படி நடந்தால் யார் கடன் எத்தனை நாள் பாக்கி என்று கணக்கு போடுகிற காமர்ஸ்காரன் கதி என்ன? போதாததற்கு 1900ஐ லீப் வருடமாக எண்ணும் பிழையும் எக்செலில் உண்டு. லோட்டஸ் 1-2-3 செய்த தவறு அது. அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே காப்பியடித்தார்கள். இல்லாத பிப்ரவரி 29 இன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் ஏழை நாட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளைக் கணக்கில் தவறவிட்டது. காரணம், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் நிற்காது. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரி உண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெயர், இரண்டு வடிவம்.

பக்கம் ஏன் நகர்கிறது?

பெரும்பாலும் எழுத்துருவால்தான். டாக்எக்ஸ் ஃபைலுக்குள் "இந்த எழுத்தை இந்த எழுத்துருவில் காட்டு" என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். எழுத்துரு இருக்காது. டைம்ஸ் நியூ ரோமன் மைக்ரோசாஃப்டோடு வருவது, லினக்ஸில் இருக்காது. அதனால் வேறொன்று அந்த இடத்தில் உட்காரும். அது ஒரு நூல் அகலம் கூடினாலும் வரி உடையும், வரி உடைந்தால் பக்கம் உடையும்.

இதற்கு மருந்தும் இருக்கிறது. 2007இல் ரெட் ஹாட் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள் டைம்ஸ், ஏரியல், கூரியர் மூன்றின் அகலத்துக்கு அப்படியே அளந்து செய்தவை. காலிப்ரிக்கு கார்லிட்டோ இருக்கிறது. இவை இருந்தும் பக்கம் நகர்ந்தால், மீதிக் காரணம் அட்டவணையையும் இடைவெளியையும் இரண்டு மென்பொருளும் வெவ்வேறு விதமாகக் கணக்கிடுவது.

ஆனால் தமிழுக்கு? விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவில் ஒரு கடிதம் அடித்து, லினக்ஸிலோ ஆண்ட்ராய்டிலோ திறந்து பாருங்கள். லோகித்தோ நோட்டோவோ வந்து உட்காரும். இரண்டும் லதாவின் அகலத்துக்கு அளந்து செய்தவை அல்ல. ஆங்கிலக் கடிதம் தப்பித்துவிடும், தமிழ்க் கடிதம் சிதறிவிடும்.

தமிழ்க்காரர்களுக்கு இந்த வலி புதிதா என்ன? பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒரு பாஷை வரும். டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியீடு. 1999இல் சென்னையில் மாநாடு போட்டுப் பேசி, 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவிக்கும் வரை இதே கூத்துதான். அப்போது "எல்லாரும் என் எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது" என்று எந்த எழுத்துருக் கம்பெனியாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். பொதுத் தரம்தான் வழி என்று நமக்குத் தெரிந்திருந்தது. எழுத்துக்குத் தெரிந்த நியாயம் ஃபைலுக்கு ஏன் தெரியவில்லை?

கன்டெய்னரைப் பாருங்கள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஜீரோ கேட்டை நோக்கி மணிக்கணக்காக நிற்கும் டிரெய்லர்களைத் திட்டாத வடசென்னைக்காரன் கிடையாது. திட்டுவதற்கு நடுவே ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? டென்மார்க் கம்பெனிப் பெட்டி, சீனக் கம்பெனிப் பெட்டி, கொரியப் பெட்டி எல்லாம் நம்மூர் டிரெய்லர் மேல் சரியாக உட்காருகின்றன. நான்கு மூலையில் இருக்கும் ஓட்டையும் ட்விஸ்ட் லாக்கும் ஒரே அளவு. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. இன்று எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் இருக்கிறது. எங்கே இறக்கினாலும் கிரேன் பிடிக்கும். "எங்க கம்பெனி லாரி வாங்கினால்தான் இந்தப் பெட்டியைத் தூக்க முடியும்" என்று யாரும் சொல்வதில்லை.

இது தானாக நடக்கவில்லை. 1956இல் கன்டெய்னர் கப்பலை ஓட்டிக் காட்டிய மால்கம் மெக்லீன், தன் காப்புரிமையை ஐஎஸ்ஓ அமைப்புக்குக் கட்டணமில்லாமல் கொடுத்தார். அதன் மேல்தான் பொதுத் தரம் எழுந்தது. மூலை ஓட்டையைப் பூட்டி வைத்திருந்தால் அவர் பெட்டி அவரோடு போயிருக்கும்.

ஃபைலுக்கும் அந்த மாதிரித் தரம் இருக்கிறது. ஓடிஎஃப் என்று பெயர், 2006இலேயே ஐஎஸ்ஓ தரம் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் படித்து மென்பொருள் எழுதலாம். மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? போட்டியாக ஓஓஎக்ஸ்எம்எல் என்று சுமார் 6,000 பக்கத்துக்கு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தது. 2007 செப்டம்பரில் நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பு "வேண்டாம்" என்று வாக்களித்தது. 2008இலும் அதே நிலை. பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவோடு சேர்ந்து இந்தியா மேல்முறையீடும் செய்தது. தள்ளுபடி ஆனது. அதுவும் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது.

சரி, தரமாகவே இருக்கட்டும். அதில் இரண்டு வகை உண்டு. சுத்தமான "ஸ்ட்ரிக்ட்", பழைய குப்பையையும் சேர்த்துச் சுமக்கும் "டிரான்சிஷனல்". நீங்கள் வேர்டில் சேமிக்கும்போது இயல்பாகப் போவது இரண்டாவது வகை. லிப்ரே ஆபீஸ்காரர்கள் மல்லுக்கட்டுவது இந்த ஃபைலோடுதான். மூலை ஓட்டையை நகர்த்திக்கொண்டே இருந்துவிட்டு, "உன் டிரெய்லர் சரியில்லை" என்றால் எப்படி?

அரசாங்கமும் அப்படித்தான்

2005 ஏப்ரலில் மத்திய அரசு இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகடு வெளியிட்டது, தமிழில் ஓப்பன் ஆபீஸும் அதில் இருந்தது. 2006 முதல் எல்காட் நிறுவனத்தை உமாசங்கர் ஐஏஎஸ் நடத்தியபோது சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறினார்கள். 2010 நவம்பரில் மத்திய அரசு மின்னாளுகைக்குத் திறந்த தரக் கொள்கை அறிவித்தது. 2011இல் தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கேட்கவே இனிக்கிறது, இல்லையா?

இப்போது ஜிஎஸ்டி தளத்துக்குப் போய் ஆண்டறிக்கையான ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் கருவியை இறக்கிப் பாருங்கள். அது ஒரு எக்செல் மேக்ரோ ஃபைல். விண்டோஸ் வேண்டும், மைக்ரோசாஃப்ட் எக்செல் வேண்டும், லினக்ஸிலும் மேக்கிலும் ஓடாது. தளத்திலேயே நேரடியாக நிரப்பலாம் என்பது உண்மைதான். ஆனால் பாரிமுனையில் வரி ஆலோசகரிடம் வேலை பழகும் பி.காம். பையன் பத்துக் கடைக்கு அறிக்கை தயாரிக்க வேண்டுமென்றால் ஆஃப்லைன் கருவிதான் கதி. ஒரு கை லினக்ஸ் கொடுக்கிறது, இன்னொரு கை "எக்செல் எங்கே" என்று கேட்கிறது.

எதிர்த்தரப்பு வாதங்கள்

"லிப்ரே ஆபீஸில் எல்லாம் வராது." ஒப்புக்கொள்கிறேன். விபிஏ மேக்ரோ பாதிதான் ஓடும், ஸ்மார்ட்ஆர்ட் படங்கள் நெளியும், பெரிய எக்செல் ஃபைல் மெதுவாகும். வங்கியில் நிதி மாதிரி போடுகிறவர் எக்செல் வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு விடுப்பு விண்ணப்பத்துக்கும் 60 பக்க ரிப்போர்ட்டுக்கும் அதெல்லாம் எதற்கு?

"கல்லூரி பதிவு செய்தால் இணையத்தில் வேர்டு இலவசமாச்சே." கல்லூரி பதிவு செய்து மின்னஞ்சல் கொடுத்தால்தானே? கூகிள் டாக்ஸும் ஜோஹோவும் இலவசமாகவே கிடைக்கின்றன, நல்லவைதான். ஆனால் அவற்றிலிருந்து டாக்எக்ஸாக இறக்கினாலும் அதே பக்கம் நகரும் கதைதான். மென்பொருளை மாற்றுவது மட்டும் தீர்வல்ல, கேட்கிற வடிவத்தை மாற்ற வேண்டும்.

"வேலைக்குப் போனால் எக்செல்தான் கேட்பார்கள்." சூத்திரம் தெரிந்தவனுக்கு எந்தத் தாளும் ஒன்றுதான். லிப்ரே கால்க்கில் விலுக்கப் கற்றவனுக்கு எக்செலில் கை நடுங்காது. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. அந்தப் பிள்ளைகள் வேலையில்லாமலா நிற்கிறார்கள்? 2024இல் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. காசுள்ள நாடே கணக்கு பார்க்கிறது.

என்ன வேண்டும்?

1. படிக்க மட்டும் வேண்டிய எதையும் பிடிஎஃப் ஆக வாங்குங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் படிக்கத்தானே?
2. திருத்தவும் வேண்டுமென்றால் "ஓடிடி அல்லது டாக்எக்ஸ்" என்று எழுதுங்கள். இரண்டே சொல் கூடுதல். வேர்டே ஓடிடியைத் திறக்கும்.
3. கல்லூரியோ அரசோ வெளியிடும் படிவம் மேக்ரோ இல்லாமல் இருக்கட்டும். இல்லையென்றால் எல்லாக் கணினியிலும் ஓடும் மாற்று ஒன்று கூடவே இருக்கட்டும்.
4. தமிழ் ஆவணம் யூனிகோடில் மட்டும். அனுப்பும் முன் எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதித்து அனுப்புங்கள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் அந்த வசதி இருக்கிறது, யாரும் சொடுக்குவதில்லை.

இவற்றில் எதற்கும் பத்துப் பைசா செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். இன்னார் கம்பெனி வடிவத்தில்தான் ஃபைல் வேண்டும் என்று கேட்பவர், அதற்கான மென்பொருளையும் வாங்கிக் கொடுக்கட்டும். வாங்கிக் கொடுக்க முடியாதென்றால், கொடுத்ததைத் திறந்து படிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.