ஒரே மேசை, வேறு விதி



ஆசிரியர் பக்கத்தில் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் கொஞ்சம் சலசலப்பு. காசு வைத்து ஆடும் ஆட்டமல்ல என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் பார்ங்கா. உருவாக்கியவர் சிவசைலம் தியாகராஜன். (அந்தப் பெயரைப் படித்ததுமே ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக் கோயிலை நினைத்துக்கொள்ளும் வாசகர்கள் நமக்கு உண்டு.) 1980இல் அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், கல்வித் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தார். மாலையில் சக ஊழியர்களோடு ‘யூக்கர்’ என்ற சீட்டாட்டம். எல்லோரும் படித்தது ஒரே விதிமுறைதான். ஆனால் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் மற்றவர் ஏமாற்றுகிறார் என்றே ஒவ்வொருவருக்கும் தோன்றியது. அந்தக் குழப்பத்தையே ஒரு பயிற்சி ஆட்டமாக்கி, தான் இருந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார் தியாகராஜன்.

ஆடும் முறை எளிது. ஆஸ் முதல் ஏழு வரை, நான்கு ஜாதியிலும் மொத்தம் 28 சீட்டுகள். மேசைக்கு நான்கைந்து பேர். ஒவ்வொரு மேசைக்கும் விதிகள் எழுதிய ஒரு தாள். கொஞ்ச நேரம் ஆடிப் பழகியதும் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் ஒரு பக்கத்து மேசைக்கும், தோற்றவர் இன்னொரு பக்கத்து மேசைக்கும் மாற வேண்டும். மேசைக்கு மேசை தாள் வேறு என்பதுதான் ஆடுபவர்களுக்குத் தெரியாத ரகசியம். ஒரு மேசையில் ஆஸ் பெரியது. அடுத்ததில் அதுவே கடைசி. ஒன்றில் இஸ்பேட் துருப்பு, இன்னொன்றில் டைமன், மற்றொன்றில் துருப்பே கிடையாது.

புதிதாக வந்தவர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சீட்டை வாரப் போவார். அங்கிருப்பவர் அவர் கையைத் தட்டிவிடுவார். சண்டை போட வாயும் இல்லை. சிலர் முறைப்பார்கள், சிலர் அழுத்தமாகத் தலையாட்டுவார்கள், சிலர் ‘உங்கள் ஊர் வழக்கம் போல’ என்று விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கேரம் போர்டில் சிவப்புக் காயைப் போட்டபின் ஃபாலோ வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த தெருப் பையன்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இன்று பல நாடுகளில் இளைஞர் முகாம் நடத்துபவர்களுக்கான பயிற்சியில் இந்த ஆட்டத்துக்கு இடம் இருக்கிறது. காரணம் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால் உடையும் உணவும் மொழியும் வேறு என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு எல்லோரும் தயாராகத்தான் வருகிறார்கள். ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருப்பவையே காயப்படுத்துகின்றன. எட்டு மணி என்றால் எத்தனை மணி, பேசாமல் இருந்தால் சம்மதமா கோபமா, பெரியவர் சொன்னதை மறுத்துப் பேசலாமா என்பதற்கெல்லாம் எந்தத் தாளும் கிடையாது.

நாம் நடத்தும் ஒருமைப்பாட்டு விழாக்களில் எனக்கு உள்ள குறையும் இதுதான். ஆளுக்கொரு நடனம், ஆளுக்கொரு பலகாரம், கடைசியில் குழுப்படம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யாருக்கும் யாரோடும் எந்த வேலையும் இருக்காது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைப் பற்றி யோசித்திருக்கிறார். இரு தரப்பும் சமமாக நிற்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். அப்போதுதான் சந்திப்பு கசப்பைக் குறைக்கும் என்றார். இவை தானாக அமைந்துவிடாது. அமைத்துத் தர, நடுவில் நிற்க, பழகிய ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை உருவாக்குவதை ஓர் அரசாங்க வேலையாகவே எடுத்துக்கொண்டவர்கள் பிரான்ஸும் ஜெர்மனியும். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் போர்களில் மோதிக்கொண்ட நாடுகள். 1963 ஜனவரி 22 அன்று பாரிஸில் பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடனாவரும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர் டி கோல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளுக்கும் பொதுவான இளைஞர் அலுவலகம் பிறந்தது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக எல்லை தாண்டிப் பழகியிருக்கிறார்கள்.

எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது, முகாம் நடத்துபவர்களுக்கு அவர்கள் தரும் பயிற்சி. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்தே பயில்கிறார்கள். இலக்கணப் பயம் இல்லாமல் பிள்ளைகளைப் பேசவைக்கும் மொழி விளையாட்டுகளைக் கற்கிறார்கள். நாளை தாங்கள் தீர்த்துவைக்க வேண்டிய மனத்தாங்கல்களைப் பயிற்சிக் கூடத்திலேயே தங்களுக்குள் ஒருமுறை பட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.

1990களின் போர்களில் சிதைந்த பால்கன் பகுதியும் இதே வழியில் இறங்கியது. அல்பேனியா, போஸ்னியா, கொசோவோ, மாண்டனீக்ரோ, வடக்கு மாசிடோனியா, செர்பியா ஆகிய ஆறும் 2016 ஜூலை 4 அன்று பாரிஸில் ஒப்பமிட்டு, அல்பேனியத் தலைநகர் டிரானாவில் தங்களுக்கென ஓர் இளைஞர் அலுவலகம் அமைத்தன. முன்மாதிரி அந்தப் பிரெஞ்சு - ஜெர்மன் அலுவலகம்தான். ஆறில் இரண்டு, செர்பியாவும் கொசோவோவும். கொசோவோவைத் தனி நாடாக செர்பியா இன்றுவரை ஏற்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளை அனுப்ப ஒரே தாளில் கையெழுத்துப் போட முடிந்திருக்கிறது.

வாசகர்களில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்தும் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், சாரணர் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அடுத்த முகாமில் பார்ங்கா ஆடிப் பாருங்கள். ஒரு சீட்டுக்கட்டுக்கு மேல் செலவில்லை. மேசைகள் கூடினால் கட்டுகளும் கூடும், அவ்வளவுதான். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆட்டம் முடிந்ததும் ரகசியத்தை உடைத்துச் சிரித்துக் கலைந்துவிடாதீர்கள். என்ன நினைத்தீர்கள், யார்மேல் கோபம் வந்தது, எப்போது சந்தேகம் தட்டியது என்று ஒவ்வொருவரையும் பேசவிடுங்கள். ஆடியதைவிட அதிக நேரம் இதற்கு ஒதுக்குங்கள். நடந்ததை எங்களுக்கும் எழுதுங்கள். பேசியதில் சுவையானவற்றை வாசகர் கடிதப் பகுதியில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்