நாடா வெட்டுமுன் பின்மதிலைப் பாருங்கள்

எங்கள் குடாநாட்டில் வைத்தியசாலைக்குப் புதிய கட்டிடம் எழுந்தால் முகப்பில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்படும். திறந்து வைத்தவரின் பெயர், பதவி, திகதி யாவும் அதில் இருக்கும். அக்கட்டிடத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்பது மட்டும் இருக்காது. செய்தி சேகரிக்கச் சென்ற காலத்தில் ஒரு வைத்தியசாலை நிர்வாகியிடம் இதைக் கேட்டேன். "பின்மதிலோடை குழி வெட்டியிருக்கிறம். தண்ணி தானா வத்திப்போகும்" என்றார், சற்றுப் பெருமையாகவே.

வற்றிப்போகவில்லை ஐயா, இறங்கிப்போகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. குடிப்பதும் அதையே, தோட்டத்துக்கு இறைப்பதும் அதையே. மணலும் மண்ணும் ஆழமாக உள்ள நிலத்தில் அழுக்கு நீர் மெல்ல வடிந்து ஓரளவாவது தூய்மையாகும். வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல்லில் அதற்கு அவகாசமில்லை.

வீட்டு மலக்குழிகளாலும் உரத்தாலும் எமது கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. அதன்மேல் வைத்தியசாலைக் கழிவும் சேர்கிறது. நோயாளரின் உடலிலிருந்து வெளியேறும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள், புற்றுநோய் மருந்தின் எச்சங்கள், தொற்றுநீக்கிகள், இவை யாவற்றிலும் கொடிதாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள். புதுடில்லியின் தெருநீரிலும் குழாய்நீரிலும் அத்தகைய கிருமிகளின் என்.டி.எம்-1 மரபணு இருந்ததை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விடுதிக்குள் அடங்கியிருக்கும் என்று நம்பிய ஆபத்து தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு மின் நிறுவனத்தைப் பணித்தது. எண்ணெய்க்கு நாற்றமுண்டு, வாளியில் மிதக்கும். மருந்தின் எச்சம் மிதக்காது, மணக்காது. அதற்காக யார் தெருவில் இறங்கப் போகிறார்கள்?

பணமில்லை என்பார்கள். சலித்து, அடையவிட்டு, காற்றூட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கை உண்ணச் செய்து, தெளிந்த நீரைத் தொற்றுநீக்கும் நிலையம் புதுமையான ஒன்றல்ல. அதன் செலவு கட்டிடத்தின் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஒதுக்கும் விடயமல்ல. அந்நிலையமும் எல்லா மருந்தையும் அகற்றிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே மீந்த புற்றுநோய் மருந்தைத் தொட்டியில் ஊற்றாமல் தனியே சேகரித்து அழிக்கவேண்டும். இயந்திரத்தைப் பூட்டிவிட்டு, இயக்க ஆளும் மின்கட்டணத்துக்குக் காசும் ஒதுக்காமல் துருப்பிடிக்க விடுவது வேறொரு மோசடி.

சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் உரிம நடைமுறையும் இருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: சுத்திகரிப்பு நிலையம் இயங்காத எந்தக் கட்டிடத்திலும் நாடா வெட்டப்படக் கூடாது. வெளியேறும் நீரையும் அயற்கிணறுகளின் நீரையும் மாதந்தோறும் பரிசோதித்து, பெறுபேற்றை மக்கள் பார்க்க ஒட்டவேண்டும். நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் சுவர் வெறுமையாகத்தான் இருக்கிறது.