நெற்றிச் சுருக்கமும் மெய்ப்பாடும்

சென்ற ஆண்டு என் தமக்கையார் காலமானார். கனடாவில் வாழும் அவருடைய மகள் செய்தி கேட்டவுடனே புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாள். தாயின் உடலருகே அமர்ந்து அவள் அழுதாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. ஆயினும் அவளுடைய நெற்றி மட்டும் அழவில்லை. புருவங்கள் நெரியவில்லை, கண்ணோரங்கள் சுருங்கவில்லை. அமைதியான ஒரு முகத்தின் மீது யாரோ நீரை வார்த்துவிட்டாற்போல இருந்தது அக்காட்சி. பந்தலில் இருந்த பெண்கள் இருவர், "வெளிநாடு போனதுகளுக்கு என்ன கவலை?" என்று தம்முள் முணுமுணுத்தது என் செவியிலும் விழுந்தது. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. ஏனெனில், யானும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தியேட்டி முடிந்த பின்னர், ஒரு மாலைப்பொழுதில் அவளே அதன் காரணத்தைக் கூறினாள். நெற்றிக்கும் கண்ணோரங்களுக்கும் 'பொட்டொக்ஸ்' என்னும் ஊசி மருந்தை ஆண்டுக்கு மும்முறை ஏற்றிக்கொள்கிறாளாம். "அம்மாவின்ர நெற்றியில இருந்த அந்த இரட்டைக் கோடு எனக்கும் முப்பத்தைஞ்சு வயசிலேயே வந்திட்டுது, மாமா. கந்தோரில எல்லாரும் 'ஏன் கோபமாய் இருக்கிறியள்?' எண்டு கேட்பினம். எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்ர முகம் பொய் சொல்லிச்சுது" என்றாள்.

அவளுடைய சொற்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. அம்மருந்தைப் பற்றிப் படித்தறிய முற்பட்டேன். அதன் வரலாறு இலக்கிய மாணவருக்கும் சுவை பயப்பதொன்று.

அது உண்மையில் ஒரு நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு நுண்கிருமி அதனை உண்டாக்குகின்றது. அதன் இயல்புகளை முதன்முதலில் விரிவாக எழுதிவைத்தவர் யுஸ்டினுஸ் கேர்ணர் என்னும் ஜேர்மானியர். அவர் வைத்தியர் மட்டுமல்லர், தம் நாட்டில் புகழ்பெற்ற கவிஞருமாவார். 1820ஆம், 1822ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட நூல்களில், நஞ்சுண்ட இறைச்சிப் பண்டத்தை உண்டவர்களின் இமைகள் தாழ்வதையும் தசைகள் சோர்வதையும் விவரித்தார். இதனை மிகச் சிறிய அளவிற் கையாண்டால், அடங்காது துடிக்கும் நரம்புகளை அடக்கலாம் என்றும் அன்றே கூறிப்போனார். பின்னர் 1895இல், பெல்ஜியத்துக் கிராமமொன்றில் இழவு வீட்டில் இசைக்க வந்த வாத்தியக்காரர் பன்றியிறைச்சி உண்டு நோயுற்றனர். அவருள் மூவர் மாண்டனர். அந்நிகழ்ச்சியை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர் கிருமியைக் கண்டுபிடித்தார்.

கவிஞர் கண்ட கனவை நனவாக்கியவர் சன் பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட். மாறுகண்ணைச் சத்திரசிகிச்சையின்றிச் சீர்செய்ய வழிதேடிய அவர், 1970களில் முதலிற் குரங்குகளிலும் பின்னர் மனிதரிலும் இந்நஞ்சைத் துளியளவிற் செலுத்திப் பார்த்து வெற்றி கண்டார். 1989இல் அமெரிக்க அரசு இதனை மருந்தாக ஏற்றது. மாறுகண் கொண்டோரின் பார்வை நேராயிற்று. இமைகள் ஓயாது இறுக மூடிக்கொள்வதனாற் கண்ணிருந்தும் குருடராய் வாழ்ந்தோர் மீண்டும் உலகைக் கண்டனர். இதனை மானிட அறிவின் மாண்புகளுள் ஒன்றாகவே நான் போற்றுவேன்.

அழகுத் துறைக்கு அது வந்ததோ தற்செயலாக. 1987இல் கனடாவின் வன்கூவர் நகரில், ஜீன் கருதேர்ஸ் என்னும் கண் வைத்தியரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி ஏற்றிவந்த பெண்மணி ஒருவர், புருவத்தருகே ஏற்றும்போது தமது முகம் கவலையற்றதாகத் தோன்றுகிறது என்றார். ஜீனின் கணவர் அலஸ்ரர் ஒரு தோல் வைத்தியர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்து 1992இற் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் அமெரிக்காவில், புருவமத்திக் கோடுகளுக்கு 2002இலும், கண்ணோரச் சுருக்கங்களுக்கு 2013இலும், நெற்றி வரிகளுக்கு 2017இலும் அனுமதி கிடைத்தது.

ஈண்டு ஒன்றை நாம் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். இம்மருந்து தோலைத் தொடுவதில்லை, சுருக்கத்தை அழிப்பதுமில்லை. நரம்பின் முனையிலிருந்து தசைக்குச் செல்லும் ஆணையைத் தடுக்கின்றது. ஆணை கிடையாத தசை அசைவதில்லை. தசை அசையாதபோது தோல் மடிவதில்லை. மூன்று நான்கு மாதங்களில் நரம்பு தன் தொழிலை மீளத் தொடங்கும். கோடும் திரும்பி வரும். ஆகவே, பணம் கொடுத்து ஒருவர் வாங்குவது இளமையை அன்று, முகத்தின் ஒரு பகுதிக்குச் சில மாத மௌனத்தை. பிழைபட ஏற்றினால் இமை தாழ்ந்துவிடுதலும் உண்டு. தகுதியற்றோரும் போலி மருந்துக்காரரும் கையாண்டால் உயிருக்கே ஏதமாகலாம்.

இம்மௌனந்தான் என்னை உறுத்துகின்றது. முகம் என்பது எவருடைய தனியுடைமை? என் முகத்தை நான் காண்பதில்லை. அதனைக் காண்போர் பிறரே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலையே வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டினைக் கூறினார். உள்ளத்து நிகழ்வது மெய்யிற் பட்டுப் பிறர்க்குப் புலனாவதாலன்றோ அதற்கு மெய்ப்பாடு என்று பெயர்? வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் அமைத்தார்: பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவைக்கும் காதலுக்கும் ஒருங்கே வேண்டப்படும் கல்வி அது. முப்பதாண்டு ஆசிரியத் தொழிலில், பாடம் விளங்கிற்றா என்று நான் வாயாற் கேட்டறிந்ததிலும் மாணவரின் நெற்றியைப் பார்த்தறிந்ததே அதிகம்.

மேல்நாட்டு அறிஞரும் இதனை உணர்ந்துள்ளனர். பிரான்சிய வைத்தியர் டுஷேன் 1862இல் வெளியிட்ட நூலில், மெய்யான மகிழ்ச்சியில் எழும் சிரிப்புக்குக் கண்ணைச் சூழ்ந்த தசை இன்றியமையாதது என்றார். உதடு நம் சொற்கேட்கும்; கண்ணோரத் தசையோ நெஞ்சின் சொல்லையே கேட்கும். இன்று கண்ணோரத்து ஊசி தளர்த்துவது அத்தசையையே. அமெரிக்காவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொன்றையும் கூறிற்று: புருவமத்திக்கு ஊசி ஏற்றிய பெண்கள், கோபமும் துயரமும் பொருந்திய வாக்கியங்களை வாசித்து விளங்கிக்கொள்ள முன்னையிலும் சற்று அதிக நேரம் எடுத்தனராம்; மகிழ்ச்சி வாக்கியங்களில் அம்மாற்றம் இல்லை. முகத்தசை உள்ளத்துக்கு எவ்வளவு தூரம் துணைபுரிகின்றது என்பதில் அறிஞரிடையே விவாதம் உண்டு. எனினும், பிறர் துயரை வாசிக்கும்போது நம் நெற்றியும் உடன் வாசிக்கிறது என்ற எண்ணம் வாசகராகிய நமக்குப் புதியதன்று.

நிற்க. இவ்வளவும் கூறி என் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டால் அது நீதியாகாது. அவளுடைய வினாவுக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. கோபமற்றவளின் முகத்திற் கோபத்தைப் படித்தவர் யார்? அவளைச் சூழ இருந்தவர்கள். நெற்றி சுருங்கிய ஆணை அனுபவசாலி என்று மதித்துப் பதவி கொடுக்கும் உலகம், அதே சுருக்கத்தைப் பெண்ணிற் கண்டால் சினக்காரி என்றும் கிழவி என்றும் ஒதுக்குகின்றது. அந்நிலையில் அவள் ஊசியை நாடியது ஆடம்பரத்துக்காகவா, பிழைப்புக்காகவா? முகத்தைப் பிழைபடப் படிக்கும் உலகைத் திருத்த இயலாதவள், தன் முகத்தைத் திருத்திக்கொண்டாள். நாணவேண்டியவர் வாசகரேயன்றி ஏடு அன்று.

ஆதலால் எனது கருத்து இதுவே. நோய்க்கு இது மருந்து, அதில் ஐயமில்லை. அழகுக்கு இதனை ஒருவர் விரும்பி ஏற்பின், அது அவர் விருப்பம். ஆனால் உத்தியோகத்துக்கும் மதிப்புக்கும் சுருக்கமற்ற நெற்றி ஒரு தகுதியாகுமாயின், அதனை நாம் எதிர்த்தே ஆகவேண்டும். முதுமை குற்றமன்று. அதன் அடையாளத்தை மறைக்குமாறு ஒருவரை நெருக்குவதே குற்றம்.

இன்னொன்றும் கூறவேண்டும். என் தமக்கையாரின் நெற்றியில் இருந்த அவ்விரட்டைக் கோடு எங்கள் தாயாருக்கும் இருந்தது; கண்ணாடியில் இன்று என் நெற்றியிலும் இருக்கின்றது. மருமகளிடம் இதனைச் சொன்னபோது அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இனி அம்மாவின்ர அந்தக் கோட்டைப் பார்க்கவேணுமெண்டால் உங்களிட்டைத்தான் வரவேணும்" என்றாள். அப்போதும் அவளுடைய நெற்றி அசையவில்லை. ஆயினும் குரல் தழுதழுத்தது. அன்று பந்தலில் நான் கேளாமல் விட்டது அக்குரலையே. நெற்றி அசையவில்லை என்பதைக் கொண்டு நெஞ்சும் அசையவில்லை என்று இனி எவர்மீதும் தீர்ப்புக் கூறேன்.