சிவப்பு வயரைக் கழற்றிய பிறகும் எரிந்த லைட்

"அக்கா, சிவப்பு வயரக் கழட்டிட்டேன். லைட்டு அணைய மாட்டேங்குது."

இரத்தோட்டையில் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு ஆர்டுயினோ போர்டுகள். ஒன்று வீட்டுக்குள் இருக்கப்போவது. மற்றது பின்பக்கம் மிளகுக் கொடிகளுக்குப் பக்கத்தில், மழைமானியோடு. தம்பியின் ஏ.எல். தொழில்நுட்பச் செயற்றிட்டம் அது. நான் கலைப்பீடம், வயர் பிடித்துக்கொடுக்கிற ஆள் மட்டும்தான். ஆனாலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு: மலைப்பக்கத்தில் மழை அளக்கிற கருவிக்கு, தகவல் வருகிற கேபிளிலேயே கரண்டும் போக வேண்டும்.

முதலில் அந்த லைட். இரண்டு போர்டும் சீரியல் முறையில் பேச மூன்று வயர் போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பொதுவான கிரவுண்ட் ஒன்று. நான்காவதாக ஒரு சிவப்பு வயரில் 5 வோல்ட் கொடுத்திருந்தான். அதைக் கழற்றியும் இரண்டாவது போர்டு மங்கலாக எரிந்தது. பேய் இல்லை. சீரியல் லைன் ஒன்றும் பேசாமல் இருக்கும்போது 5 வோல்டில்தான் நிற்கும். பட்டினியாகக் கிடக்கிற சிப், அந்த டேட்டா வயரில் இருந்தே, உள்ளே இருக்கிற பாதுகாப்பு டயோட் வழியாகக் கரண்டை உறிஞ்சிக்கொள்கிறது. இது ஆபத்து. யூனோவின் ஒரு பின் தாங்குகிற உச்ச அளவே 40 மில்லியம்பியர். அதைவிட மோசம், போர்டு அரை உயிரில் ஓடித் தப்பான எண்ணை அனுப்பலாம். கரண்ட் கொடுப்பதென்றால் அதற்கென்று ஒரு வயரில் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

ஒரே கேபிளில் இரண்டும் போவது புது விஷயமும் இல்லை. பழைய கம்ப்யூட்டர் சீரியல் மவுசுக்குத் தனியாகப் பவர் வயர் கிடையாது, சிக்னல் வயர்களில் இருந்தே எடுத்துக்கொண்டது. பெரிய உதாரணம் செம்புக் கம்பி டெலிபோன். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பெட்டரிகள் 48 வோல்டை அதே இரண்டு கம்பியில் அனுப்பும், குரலும் அதிலேயே போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம் ஞாபகம் இருக்கும். அப்போது செல்போன் சார்ஜ் இறங்கிப்போன வீடுகளில்கூட இந்தப் போனில் டயல் டோன் கேட்டது. இப்போது ஃபைபர் வருகிறது. வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி இழையில் கரண்ட் போகாது. வீட்டுப் பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அது போனால் போனும் போச்சு.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், இங்கே பெருமழை வந்தால் முதலில் போவது கரண்ட்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கில், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். அந்த 150ஐ எண்ண வேண்டிய இரவில் மழைமானி செத்துக் கிடந்தால் அதை வைத்து என்ன செய்வது?

"சோலார் பேனலும் ரேடியோவும் போடு, கேபிளே வேண்டாம்" என்கிறார்கள் கம்பஸ் நண்பர்கள். அவர்கள் ஊரில் சரிவரலாம். இங்கே நாலு நாள் மூட்டத்தில் வெயிலே தெரியாது, அந்த நாலு நாள்தான் கருவி வேலை செய்ய வேண்டிய நாள்.

கேபிளிலும் கணக்கு இருக்கிறது. நெட்வேர்க் கேபிள் வயர் ஒன்றுக்கு 25 மீற்றரில் சுமார் 2 ஓம், போய் வர 4. மழைமானிப் பக்கத்து போர்டு 60 மில்லியம்பியர் எடுத்தால் கால் வோல்ட் குறையும், சமாளிக்கலாம். எஸ்.எம்.எஸ். அனுப்புகிற மொடியூலையும் அங்கேயே வைத்தால் அது சில கணங்களுக்கு 2 அம்பியர் வரை கேட்கும், அந்தக் கேபிளால் முடியவே முடியாது. ஆகவே மொடியூல் வீட்டுக்குள். கேபிளில் 5 வோல்டுக்குப் பதில் 12 வோல்ட், அங்கே போனபின் குறைத்துக்கொள்ளலாம். வெறும் சீரியல் சிக்னல் இந்தத் தூரத்துக்கு நம்பகமில்லை என்பதால் இரண்டு பக்கமும் ஆர்.எஸ்.-485 சிப்.

இடியைப் பற்றிக் கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பின்னேரங்களில் இங்கே இடிக்குப் பஞ்சமில்லை. நீளமான கேபிளில் ஏறுகிற அதிர்ச்சி இரண்டு போர்டையும் சேர்த்தே கொல்லலாம். கரண்டையும் கிரவுண்டையும் பகிர்ந்துகொண்டால் இரண்டையும் பிரித்துக் காப்பாற்றுவது கஷ்டம். இடிதாங்கிப் பாகம் போட்டு, கேபிளை மண்ணுக்குள் புதைத்துக் குறைக்கலாம், அவ்வளவுதான். இருந்தாலும் இடியில் எப்போதாவது சாகிற கருவி, ஒவ்வொரு மழைக்கும் சாகிற கருவியைவிட மேல் என்பதே என் கட்சி.

இப்போது 12 வோல்ட் பெட்டரி சாமி மேசைக்குக் கீழே இருக்கிறது. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி ஓர் இரவு முழுக்க ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று தம்பி நிற்கிறான். அம்மா, முதலில் நாடகம் முடியட்டும் என்கிறார்.