துருப்பிடித்த இரும்பை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஆற்றங்கரையில் ஒரு பழைய ஆலை மூடப்படுகிறது. கொஞ்ச நாளில் ஒரு வரைபடம் வந்துவிடும். பச்சைப் புல்வெளி, வளைந்து போகும் நடைபாதை, பலூன் பிடித்த குழந்தை, பின்னால் அடுக்குமாடி. ஆலை இருந்த சுவடே படத்தில் இருக்காது. இதற்கு "அழகுபடுத்துதல்" என்று பெயர். பச்சையாகச் சொன்னால் தடயத்தை அழிப்பது.

கடுமையாகத் தெரிகிறதா? ஜெர்மனியில் ரூர் பகுதியின் டூயிஸ்பர்க் நகரம் என்ன செய்தது என்று பாருங்கள்.

அங்கே மைடெரிச் என்ற இடத்தில் தைசன் நிறுவனத்தின் இரும்பாலை 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஓடியது. 5 ஊதுலைகள். மூடும்வரை வடித்த இரும்பு சுமார் 3 கோடியே 70 லட்சம் டன். ஐரோப்பாவில் எஃகு உற்பத்தி தேவைக்கு மேல் போய்விட, 1985 ஏப்ரலில் கடைசி ஊதுலையும் அணைந்தது.

ஆலை நிலத்தின் குறுக்கே பழைய எம்ஷர் ஆறு. ஆறு என்று சொல்வது மரியாதைக்குத்தான். ரூர் பகுதிக்கு அடியில் எல்லாம் நிலக்கரிச் சுரங்கம். தோண்டத் தோண்ட மேலே தரை இறங்கும், புதைத்த குழாய் உடையும். அதனால் கழிவுநீரைத் தரைக்கடியில் கொண்டுபோக வழியில்லை. 1899ல் எம்ஷருக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். அது ஆற்றை நேராக்கி, காங்கிரீட் போட்டு, திறந்த சாக்கடையாக்கியது. ஊரும் ஆலையும் சுரங்கமும் சேர்ந்து ஓர் ஆற்றைச் சாக்கடை வேலைக்கு அமர்த்திய கதை!

ஆலை மூடியதும் இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். பிறகு போட்டி வைத்து, பீட்டர் லாட்ஸ் என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளரின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1994ல் சுமார் 180 ஹெக்டேரில் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

லாட்ஸ் பெரும்பாலானவற்றை இருந்த இடத்திலேயே விட்டார். 5ம் ஊதுலையின் உச்சிக்கு இன்று யாரும் படியேறிப் போகலாம். தாது கொட்டிய தொட்டிகளின் சுவரில் மலையேறுபவர்கள் பழகுகிறார்கள். பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி உள்ளே முக்குளிக்கிறார்கள். இரும்பு வார்த்த கூடத்தில் கிடந்த 49 இரும்புத் தகடுகளை எடுத்துப் பரப்பி ஒரு சதுக்கம் செய்தார். உருகிய இரும்பின் சூட்டில் அரித்துப்போன தகடுகள் அவை. எந்தக் கல்வெட்டும் சொல்லாததை அந்த அரிப்பு சொல்கிறது.

எல்லாவற்றையும் கண்மூடித்தனமாகப் பாதுகாக்கவும் இல்லை. விஷம் அதிகம் ஊறிய தாதுச் சூளைக் கூடத்தை இடித்தார்கள். கெட்ட மண்ணில் ஒரு பகுதியை அங்கேயே இருந்த பழைய தொட்டிகளுக்குள் போட்டு மூடினார்கள். லாரியில் ஏற்றி வேறு யார் வீட்டு வாசலிலோ கொட்டவில்லை. இதை ஏனோ யாரும் பாராட்டுவதில்லை.

இனி எதிர்ப்பவர்கள் கட்சி. "துருவை ரசிப்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. வேலை போனவனுக்கு ஊதுலையில் விளக்கு போட்டு என்ன லாபம்?" நியாயமான கேள்விதான். பூங்கா வேலையைத் திருப்பித் தரவில்லை. டூயிஸ்பர்கின் வேலையின்மை இன்றும் ஜெர்மனியின் சராசரியைவிட அதிகம். ஆனால் இடித்துப் புல் போட்டிருந்தால் மட்டும் வேலை வந்திருக்குமா? வேலையும் போய், வேலை செய்ததற்கான அடையாளமும் போயிருக்கும். அப்பா நின்ற இடம் இதுதான் என்று மகளுக்குக் காட்ட ஒரு படிக்கட்டாவது மிஞ்சியிருக்கிறதே!

"இரும்பைப் பராமரிக்கச் செலவாகும்" என்பது அடுத்த வாதம். ஆகும். இடிக்கவும்தான் செலவாகும். இடித்த பிறகு அந்தச் செலவுக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது.

உண்மையான பெரிய செலவு வேறு இடத்தில். புல்வெளிக்காரர்கள் வாயே திறக்காத இடம் அது... தண்ணீர். டூயிஸ்பர்கில் கழிவுநீரை நிலத்தடிக் குழாய்க்கு மாற்றினார்கள். மேலே இருந்த பழைய கால்வாயில் மழைநீரை விட்டார்கள். கூரைகளிலும் தளங்களிலும் விழும் மழை, ஆலையின் பழைய அமைப்புகள் வழியாகவே அங்கே வந்து சேர்கிறது. லாட்ஸ் கால்வாயை வளைத்து நெளித்துக் காட்டு ஓடையாக வேஷம் போடவில்லை. நேராக இருந்ததை நேராகவே விட்டார். மனிதன் வெட்டியது என்பது பார்த்ததும் தெரியும்.

ஆனால் அது ஒரு துண்டுதான். சுரங்கங்கள் மூடி, தரை இறங்குவது நின்ற பிறகு எம்ஷர் முழுவதையும் மீட்கும் வேலை 1990களில் தொடங்கியது. 51 கிலோமீட்டருக்குப் பிரதான கழிவுநீர்க் குழாய். சுமார் 550 கோடி யூரோ. 2021 கடைசியில்தான் எம்ஷரில் கழிவுநீர் விழுவது நின்றது. பூங்கா திறந்து 27 வருடம் கழித்து!

ரிப்பன் வெட்டும் அரசியல்வாதிக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. புல் ஒரு மழைக்காலத்தில் முளைத்துவிடும், ஆறு சுத்தமாக ஒரு தலைமுறை ஆகும். அதனால்தான் முதலில் புல்லைப் போட்டு, படம் எடுத்து, ஆற்றை மறந்துவிடுகிறார்கள். கரையில் பூங்கா, பூங்காவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மக்கள்.

நூறு வருடம் ஆற்றைக் கெடுத்துச் சம்பாதித்த நிலம் பொதுமக்களிடம் திரும்ப வரும்போது, கணக்குப் புத்தகத்தோடு வர வேண்டும். துருப்பிடித்த ஊதுலை அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம். அதைக் கிழிக்கத் துடிப்பவர்களிடம் பூச்செடி பற்றிப் பேசிப் பயனில்லை. சாக்கடைக் குழாய் எங்கே போகிறது, விஷ மண் எங்கே போனது என்று கேளுங்கள். பதில் வராத வரைபடத்தில் எவ்வளவு பச்சை இருந்தாலும் அது வெறும் பெயிண்ட்.