காட்டேரிக்கு ஒரு நீதி, துறவிக்கு ஒரு நீதியா?

இரத்தக் காட்டேரி என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வோம். கதைகளில் வரும் காட்டேரியும் சிலுவையைக் கண்டால் நடுங்கி ஓட வேண்டும் என்பதே மரபு. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வில் அந்தப் பிரபு சிலுவைக்கும் நற்கருணை அப்பத்திற்கும் அஞ்சி ஒதுங்குவதைப் படித்திருப்பீர்கள். ஆனால் சிலுவைக்கு அஞ்சாமல், ஆலயத்திற்குள் அமைதியாக நுழைந்து வெளிவரக்கூடிய ஒரு காட்டேரியை அமெரிக்க எழுத்தாளர் செல்ஸி குவின் யார்ப்ரோ படைத்தார். 1978-இல் முதல் நாவல் வெளிவந்தது. பின்னர் தொடர் வளர்ந்து வளர்ந்து 25 நூல்களையும் தாண்டிவிட்டது. அவற்றுள் இரண்டாவதான 'தி பேலஸ்' என்ற நாவல் எங்கள் வகுப்பிலும் என் வீட்டிலும் பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பிவிட்டது. அந்த அபிப்பிராயங்களையும், அவை எதிலும் சொல்லப்படாத என் மனக்குறை ஒன்றையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் கதாநாயகனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அரசவையில் செயின்ட் ஜெர்மெய்ன் பிரபு என்ற ஒருவர் உண்மையாகவே இருந்தார். பல மொழிகள் பேசுவார், வயலின் வாசிப்பார், இரசவாதம் அறிவார் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எங்கே பிறந்தார் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. 1784-இல் அவர் இறந்த பிறகும், 'அவருக்கு மரணமே கிடையாது' என்ற வதந்தி சாகவில்லை. அந்த வதந்தியைத்தான் யார்ப்ரோ பிடித்துக்கொண்டார். அவருடைய கதையில் இப்பிரபு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர். பிறந்த மண்ணைக் காலணியின் அடியில் வைத்துக்கொண்டு நடக்கிறார். கண்ணாடியில் அவர் உருவம் தெரியாது. ஓடும் நீரைக் கடப்பது வேதனை. ஆனால் கொலை செய்து இரத்தம் குடிப்பவர் அல்லர். நோயாளிக்கு மருந்து தருகிறார், ஏழைக்கு உதவுகிறார், புத்தகங்களை நேசிக்கிறார். அவரைச் சுற்றியுள்ள மனிதர்களே கொடியவர்களாக இருக்கிறார்கள்.

'தி பேலஸ்' நடப்பது 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில். அங்கே இவர் ஓர் அழகிய மாளிகை கட்டுகிறார். நகரின் தலைவரான லொரென்சோ தெ மெதிச்சி இவருடைய நண்பர். ஓவியர் போத்திச்செல்லியும் கதையில் வருகிறார். லொரென்சோ 1492-இல், தமது 43-ஆம் வயதில் இறந்துவிடுகிறார். அதன்பின் சவொனரோலா என்ற துறவியின் கை ஓங்குகிறது. படங்களும் புத்தகங்களும் தீக்கிரையாகின்றன.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். பேய்க்கதை என்று நம்பி ஆவலோடு வாங்கிச் சென்ற தோழி நாற்பதாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஒரு இடத்திலாவது பயமாக இருக்க வேண்டாமா? காட்டேரியைப் பார்த்தால் நம் தாத்தாவைப் போல அல்லவா இருக்கிறது!" என்றாள். இன்னொருத்திக்கு ஆடை வருணனை பொறுக்கவில்லை. பட்டு, வெல்வெட், கைப்பட்டை, பொத்தான் என்று ஒருவர் அறைக்குள் நுழைவதற்கே அரைப் பக்கம் ஆகிறது என்பது அவள் குறை. (தையல் வகுப்பில் முதலிடம் பெறுபவள் இப்படிச் சொன்னது எனக்கு வியப்பே.) அத்தியாயங்களுக்கு நடுவே வரும் கடிதங்கள் கதையை நிறுத்திவிடுகின்றன என்றார்கள் சிலர். என் சித்தப்பாவோ அக்கடிதங்களுக்காகவே இத்தொடரைப் படிப்பவர். ஒரு காலத்து மக்கள் எதைத் தின்றார்கள், எதற்குப் பயந்தார்கள், எப்படிக் கடிதம் முடித்தார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைக்குமா என்று கேட்கிறார். நான் சித்தப்பா கட்சி.

'எல்லாம் ஒரே அச்சு' என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் மறுக்க முடியாது. நாயகர் ஒரு நகருக்கு வருகிறார், நன்மை செய்கிறார், சந்தேகத்திற்கு ஆளாகிறார், தப்பிச் செல்கிறார். அதோடு, இத்தொடர் கால வரிசையில் எழுதப்படவுமில்லை. முதல் நாவல் 1743-ஆம் ஆண்டுப் பாரிஸில் நடக்கிறது. இரண்டாவது அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னே போகிறது. மூன்றாவது நீரோவின் ரோமாபுரிக்கே போய்விடுகிறது. பாரிஸில் இருந்தவர் பிளாரன்ஸில் சாகமாட்டார் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறதே! 'அப்படியானால் பதைபதைப்பு எங்கே?' என்று தோழியர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் நான் பதைத்தது அவருக்காக அன்று, அவரோடு வாழ்பவர்களுக்காக. நண்பர் லொரென்சோ நோயில் தேய்வதைப் பார்த்துக்கொண்டு சாகாத ஒருவர் அருகில் நிற்கும் இடம் என்னைக் கலங்க வைத்தது.

பெற்றோர்கள் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாவலில் எங்கள் வயதுக்கு ஏற்காத பக்கங்கள் உண்டு. அம்மா முதலில் முழுவதையும் படித்துவிட்டு, அப்பக்கங்களைக் குண்டூசியால் குத்தி மூடிய பிறகே என் கையில் கொடுத்தார்கள். கதை புரிவதில் எனக்கு எந்தக் குறைவும் ஏற்படவில்லை. பாட்டிக்கு மட்டும் சமாதானம் இல்லை. போத்திச்செல்லியின் உறவுப் பெண்ணாக வரும் எஸ்தாசியா, கன்னியர் மடத்தில் சேர்ந்து, வெறி பிடித்தவளாய்க் காட்சிகள் கண்டதாகக் கூறுகிறாள். "மடத்தை இப்படியா எழுதுவது?" என்று பாட்டி கோபித்துக்கொண்டார்கள். அது ஒருத்தியின் மனநோய்; எல்லாக் கன்னியரையும் குறிப்பதன்று என்றே நான் கொண்டேன்.

என் மனக்குறை எஸ்தாசியா பற்றியதல்ல, சவொனரோலா பற்றியது.

நாவலை மூடி வைத்தபோது என் மனதில் நின்ற சவொனரோலா, பிரசங்க மேடையில் நின்று கத்தும் ஒரு கொடியவர், அவ்வளவே. பிறகு கலைக்களஞ்சியத்தையும் சில வரலாற்று நூல்களையும் புரட்டிப் பார்த்தேன். அவர் 1452-இல் பெராரா நகரில் பிறந்தவர்; புனித சாமிநாதர் சபைத் துறவி; 1491-இல் சான் மார்க்கோ மடத்தின் தலைவரானார். 1497 பெப்ரவரி 7-ஆம் நாள், விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, நகரச் சதுக்கத்தில் பெருந்தீ மூட்டப்பட்டது. கண்ணாடி, வாசனைத் திரவியம், சீட்டுக்கட்டு, இசைக்கருவி, படம், புத்தகம் எல்லாம் அதில் எரிந்தன. வீடு வீடாகச் சென்று அவற்றைத் திரட்டியவர்கள் யார் தெரியுமா? நம் வயதுப் பிள்ளைகள்! இதை நான் சிறிதும் நியாயப்படுத்த மாட்டேன். நான் அவ்வூரில் பிறந்திருந்தால் என் வீட்டுக் கண்ணாடியும் இந்த நாவலும் அத்தீக்குத்தான் போயிருக்கும். புத்தகத்தை எரிப்பவர்மீது யார்ப்ரோவுக்கு உள்ள கோபம் எனக்கும் உண்டு.

ஆனால் அதே பிள்ளைகள்தாம் தெரு மூலைகளில் நின்று ஏழைகளுக்காகத் தருமம் திரட்டினார்கள். வட்டிக்காரரிடம் சிக்கித் தவித்த எளியவர்கள் குறைந்த வட்டியில் அடகு வைத்துப் பணம் பெற ஒரு நிதி நிலையம் அந்நகரில் ஏற்படச் சவொனரோலா துணை நின்றார். பிரசங்கம் செய்யலாகாது என்று திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் விதித்த கட்டளையை மீறியதால் 1497 மே மாதம் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். கீழ்ப்படியாமை குற்றம்தான், ஆயினும் அந்நாளைய ஊழல்களை அவர் கண்டித்ததில் உண்மை இல்லாமல் இல்லை. 1498-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, நேற்றுவரை அவர் பேச்சைக் கேட்க முண்டியடித்த நகரமே மடத்தைத் தாக்கியது. சிறையில் வதைக்கப்பட்டார். தவக்காலத்தில் நாம் பாடும் 51-ஆம் திருப்பாடலை, 'கடவுளே எனக்கு இரங்கும்' என்று மன்றாடும் அந்தத் திருப்பாடலை, அச்சிறையில் இருந்தபடியே தியானித்து எழுதினார். மே 23-ஆம் நாள், முந்திய ஆண்டு தீ மூட்டிய அதே சதுக்கத்தில், வேறு இரு துறவியரோடு தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். சாம்பல் ஆர்னோ ஆற்றில் கொட்டப்பட்டது. பின்னாளில் அதே பிளாரன்ஸில் பிறந்த புனித பிலிப்பு நேரி இவர்மீது பெருமதிப்பு வைத்திருந்தார். ஒரு புனிதர் மதித்த மனிதரிடம் கொடுமை ஒன்றைத் தவிர வேறெதுவுமே இருந்திராதா?

லொரென்சோவைப் பாருங்கள். நாவலில் அவர் அன்பே உருவானவர். கவிஞர், கலைஞர்களின் புரவலர் என்பது உண்மையே. ஆனால் 1478-இல் பேராலயத்தில் அவருடைய தம்பி ஜூலியானோ கொல்லப்பட்டபின் நடந்த பழிவாங்கல் எவ்வளவு? சதியில் சேர்ந்த பீசா பேராயரையே அரசு மாளிகைச் சன்னலிலிருந்து தொங்கவிட்டார்கள். லொரென்சோவின் நற்குணங்களை எழுதிய பேனா, துறவியின் நற்குணங்களை ஏன் எழுதவில்லை?

"கதை என்றால் வில்லன் வேண்டாமா? நீ என்ன வரலாற்றுத் தேர்வுக்கா படிக்கிறாய்?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். கற்பனை வில்லனாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இவர் வாழ்ந்து மாண்ட மனிதர். தம் தரப்பைச் சொல்ல இனி வரமாட்டார். மேலும், உலகம் அரக்கன் என்று ஒதுக்கியவனை அவன் செய்கையைக் கண்டு தீர்ப்பிடுங்கள் என்று 25 நூல்களிலும் நம்மிடம் கேட்பவர் இந்த ஆசிரியரே அல்லவா? நாலாயிரம் வயதுக் காட்டேரிக்குக் கேட்ட அந்த நீதியை, 45 வயதில் எரிக்கப்பட்ட ஒரு துறவிக்கும் அவர் கொடுத்திருந்தால் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் உண்மையாகப் புரிந்துகொண்டு பேசும் ஓர் அத்தியாயம் இருந்தால் எப்படியிருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்க்கிறேன்.

இந்நூலை எங்கள் நூலகத்தில் வைக்கலாமா என்று சில பெற்றோர் ஐயப்படுகிறார்கள். மேல் வகுப்பு மாணவியர்க்கு, ஆசிரியையின் அனுமதியோடு, வைக்கலாம் என்பதே என் கருத்து. வைக்கும்போது சவொனரோலாவின் வாழ்க்கை வரலாறு ஒன்றையும் வாங்கி அதே அலமாரியில், பக்கத்திலேயே வைத்துவிட வேண்டுகிறேன். குண்டூசி வேண்டுமானால் அம்மாவிடம் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது.