அஞ்சு வாங்கினா ஃபெயில்!

போன வருஷம் ஏப்ரல் மாதம், எதிர்வீட்டு அக்கா ஒரு டப்பா நிறைய ரவா லட்டு கொண்டுவந்து கொடுத்தார். "பையன் கணக்குல அஞ்சு வாங்கியிருக்கான். அங்கேயெல்லாம் அஞ்சுக்குத்தான் மார்க் போடுவாங்க போல" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

அவர் மகன் இங்கே ஒரு வருஷம் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவன். ஆங்கில வழிப் படிப்பு, பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பு. எனக்கு லட்டு தொண்டையில் இறங்கவில்லை. கல்லூரித் தேர்வுப் பிரிவில் 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியல்களும் மேஜைக்கு வரும். ஜெர்மனியில் மார்க் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம். எண் ஏற ஏறத் தரம் இறங்கும். 4.0 வரை பாஸ். 5.0 என்றால் ஃபெயில்.

அன்று அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி பையனுக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். "நான் பொய் சொல்லலை ஆன்ட்டி. அம்மா எவ்வளவுன்னு கேட்டாங்க, அஞ்சுன்னேன். அவங்க சந்தோஷப்பட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பிப்ரவரியில ஒரு தடவை, மார்ச்சுல ஒரு தடவை, ரெண்டுமே போச்சு. இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான் இருக்கு" என்றான்.

அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னதே அவர்தான்.

நம் ஊரில் ஒரு பேப்பர் போனால் அதற்குப் பெயர் அரியர். அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்க 7 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதற்கடுத்ததிலும் எழுதலாம். 2020-ல் கொரோனா சமயத்தில் 'அரியர் ஆல் பாஸ்' அறிவிப்பு வந்தபோது போஸ்டர் அடித்துக் கொண்டாடிய ஊர் இது. அரியர் என்பது நமக்குக் கவலைதான், ஆனால் கதவு அடைபட்டுவிட்டதாக அர்த்தம் இல்லை.

ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை எழுத மொத்தமே இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பும் போனால், 'இறுதியாகத் தேறவில்லை' என்று பதிவாகும். மற்ற எல்லாப் பாடங்களிலும் நல்ல மார்க் இருந்தாலும் அந்தப் படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அதோடு முடிந்தால் பரவாயில்லை. பொதுவாக, அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. மாணவர் என்ற பதிவை வைத்துத்தான் அங்கே தங்கும் அனுமதி. பதிவு போனால் அதுவும் ஆட்டம் காணும்.

எல்லா இடத்திலும் ஒரே கணக்கு இல்லை. சில இடங்களில் பெரும்பாலான பாடங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இத்தனையாவது செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் சேர்த்தே ஆகவேண்டும் என்று எல்லை வைத்திருப்பார்கள்.

சரி, பட்டம் வாங்க என்னதான் தேவை? மூன்று வருஷப் படிப்புக்கு 180 கிரெடிட். ஐரோப்பிய நாடுகள் பலவும் பின்பற்றும் இ.சி.டி.எஸ். என்கிற கணக்கு இது. வருஷத்துக்கு 60. ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்றால் சுமார் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் இல்லை. வீட்டில் படிப்பது, பயிற்சி போடுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. வருஷத்துக்கு 1,800 மணி நேரம். ஒரு முழுநேர வேலைக்குச் சமம்.

இதில் பெரும்பகுதி கட்டாயப் பாடங்கள்: புரோகிராமிங், அல்காரிதம், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் போன்றவை. முதல் வருஷத்திலேயே கணக்கு கனமாக இருக்கும். நம் பிள்ளைகள் பிளஸ் டூவில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். அங்கே 'ஏன் இது சரி' என்று நிரூபிக்கச் சொல்வார்கள். எதிர்வீட்டுப் பையன் தடுக்கி விழுந்தது அங்கேதான். பிறகு குழுவாகச் செய்யும் மென்பொருள் புராஜெக்ட், ஒரு தலைப்பைப் படித்து எழுதி எல்லோர் முன்னாலும் பேசவேண்டிய செமினார், விருப்பப் பாடங்கள். கடைசியில் ஆய்வறிக்கை. இதற்கு அதிகபட்சம் 12 கிரெடிட், அதாவது 360 மணி நேரம். 'இது என் சொந்த உழைப்பு' என்று கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். புராஜெக்ட்டை வெளியே காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்கிற நினைப்பெல்லாம் அங்கே எடுபடாது.

பிள்ளைகளை ஏமாற்றுவது அங்குள்ள சுதந்திரம்தான். பெரும்பாலான விரிவுரைகளுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது. இன்டர்னல் மார்க் என்று பொதுவாக எதுவும் கைகொடுக்காது. செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தேர்வு, பெரும்பாலும் அதுதான் முழு மார்க். ஆனால் பல பாடங்களில் வாராவாரம் பயிற்சித் தாள் தருவார்கள். அதில் பாதி மார்க்காவது எடுத்தால்தான் தேர்வு எழுதவே அனுமதி என்று நிபந்தனை இருக்கும். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும், தேதி தவறினால் அவ்வளவுதான். பதிவு செய்துவிட்டு, உரிய காலத்துக்குள் விலகாமல், மருத்துவச் சான்றும் இல்லாமல் போகாமல் இருந்தால் அதுவும் 5.0. ஒரு வாய்ப்பு வீண்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. எங்கே படித்தாலும், விசாவுக்காக ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அக்கா வீட்டில் அது நகையாகவும், கடனாகவும் போன பணம். அது தெரிந்ததால்தான் பையன் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாரத்தில் அவன் வாரக் கடைசி முழுக்கப் பார்ட் டைம் வேலைக்கு வேறு போயிருக்கிறான். சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். ஆனால் நான் சொன்ன 1,800 மணி நேரத்திலிருந்துதானே அந்த நேரமும் கழிகிறது?

இரண்டு நாள் கழித்து அவனே அம்மாவிடம் சொன்னான். அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை என்னிடம் வந்து, "என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றார்.

வீடியோ காலில் மூவரும் உட்கார்ந்து அவன் படிப்பின் தேர்வு விதிமுறையைத் திறந்தோம். 'ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்' என்று பெயர். ஒவ்வொரு படிப்புக்கும் ஒன்று உண்டு, பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும். பையன் அதுவரை அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. துறையில் படிப்பு ஆலோசகர் ஒருவர் இருப்பதும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி வாய்ப்புக்கு முன்னால் போனால்தான் அவரால் வழி சொல்ல முடியும். அதற்குப் பிறகு அவரும் கைவிரிக்க வேண்டியதுதான். பையன் போனான். வேலையைக் குறைத்தான். கணக்கு வகுப்பில் மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தான். "பணத்தைப் பத்தி நீ நினைக்காதே" என்று அக்கா சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி என்று பின்னால் சொன்னான்.

பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் கன்சல்டன்சியில் 'எப்படிச் சேருவது' என்று மட்டும் கேட்காதீர்கள். எப்படி முடிப்பது என்றும் கேளுங்கள். ஒரு பாடத்துக்கு எத்தனை வாய்ப்பு? வருஷத்துக்குக் குறைந்தது எத்தனை கிரெடிட்? ஆங்கில வழிப் படிப்பானாலும், இடையில் ஜெர்மன் மொழிச் சான்று கேட்பார்களா? சில இடங்களில் கேட்கிறார்கள். பிள்ளையையே அந்த விதிமுறையைப் படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். போன பிறகு, 'எவ்வளவு மார்க்' என்பதோடு 'இது எத்தனாவது தடவை' என்றும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் மூன்றாவது முறை எழுதினான். 3.7. பாஸ்! பட்டத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் படிப்பில் தொடர்கிறான்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், "போன தடவை அஞ்சுன்னீங்க, இப்ப 3.7-ங்கறீங்க. குறைஞ்சுபோச்சே?" என்று விசாரித்தார். அக்கா பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "அங்கே குறைஞ்சாதாம்மா நல்லது. உக்காரு, சொல்றேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.